பைக் பேட்டரி இறக்கமும் மஞ்சள் மல்டிமீட்டரும்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

மீட்டரின் முதுகைக் கழற்றி 200 மில்லி ஆம்ப் ஃபியூஸை மறுபடியும் மாற்றிய சூட்டோடு எழுதுகிறேன். தொனியில் காரம் தெரிந்தால் காரணம் அதுதான். "ராத்திரி நிறுத்தினால் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, கண்டுபிடிக்க எந்த மீட்டர் வாங்கலாம்?" என்று கேட்ட நண்பருக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது.

இது எல்லோருக்கும் தெரிந்த சின்ன மஞ்சள் மீட்டர்தான். கையால் ரேஞ்ச் திருப்ப வேண்டும், உள்ளே 9 வோல்ட் பேட்டரி, திரையில் 1999 வரை எண்கள். பல பெயர்களில் வந்தாலும் திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே சரக்கு. டிசி வோல்ட் அளப்பதில் இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி நிற்கும்போது 12.7, செல்ஃப் அழுத்தும்போது 10.4, எஞ்சின் 5000 சுற்றில் 14.2 என்ற அளவுகளுக்கு இது தாராளமாகப் போதும். எரிச்சலெல்லாம் கரண்ட் அளக்கும் இரண்டு துளைகளில்தான்.

சாவியை அணைத்த பிறகும் பேட்டரியைக் குடிக்கும் கரண்டைத்தான் நாம் தேடுகிறோம். அது 1 மில்லி ஆம்பாகவும் இருக்கலாம், 300 ஆகவும் இருக்கலாம். 10 ஆம்ப் துளையில் போட்டால் திரையின் கடைசி எண்ணே 10 மில்லி ஆம்பைக் குறிக்கும். 6 மில்லி ஆம்ப் போனாலும் 0.00 அல்லது 0.01 என்று ஊசலாடும். சரி, மில்லி ஆம்ப் துளைக்கு மாற்றலாம் என்றால் அங்கே காவலுக்கு நிற்பது 200 மில்லி ஆம்ப் வேக ஃபியூஸ். பேட்டரி வயரைக் கழற்றி மீட்டர் வழியாக மறுபடி இணைக்கும் அந்த நொடியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவும் வண்டியின் டிஜிட்டல் கன்சோலும் விழித்துக்கொண்டு, உள்ளே மின்சாரம் தேக்கும் கண்டென்சர்களை நிரப்பும். ஃபியூஸ் போக அதுவே சில வண்டிகளில் போதும். தப்பித் தவறி யாராவது சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்பும் ஹெட்லைட்டும் கேட்பது ஆம்ப் கணக்கில். இதில் கொடுமை, ஃபியூஸ் போனதை மீட்டர் சொல்லாது. திரையில் அழகாக 0.0 காட்டும். கசிவே இல்லை என்று முடிவு கட்டி வண்டியை மூடிவிடுவோம். 10 ஆம்ப் துளையிலோ இதற்கு நேர் எதிர்: பல மலிவு மீட்டர்களில் அங்கே ஃபியூஸே கிடையாது. செல்ஃப் பட்டனைத் தொட்டால் மீட்டரும் புரோப் வயரும் சேர்ந்து போகும்.

இதைத் தாண்ட ஒரு வழி உண்டு. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை மட்டும் கழற்றுங்கள். பாசிட்டிவ் பக்கம் ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் பொறி பறக்கும். கழற்றிய வயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே முதலை கிளிப் வைத்த தடித்த வயர் ஒன்றை மாட்டுங்கள். மீட்டரையும் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இணைக்கலாம். சாவியை ஒருமுறை போட்டு அணைத்து, சாவியை வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சில, சாவி அணைந்த பிறகும் இசியூவுக்கு மின்சாரம் தரும் சுவிட்சான மெயின் ரிலேவைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். ஐந்து பத்து நிமிடம் போகட்டும். பிறகு கிளிப் வயரை எடுத்தால் மொத்தக் கரண்டும் மீட்டர் வழியாகப் போகும். முதலில் 10 ஆம்ப் ரேஞ்சில் பார்த்து, 0.10க்குக் கீழே இருந்தால் கிளிப்பை மறுபடி மாட்டி, புரோபை மில்லி ஆம்ப் துளைக்கு மாற்றி, கிளிப்பை எடுக்க வேண்டும். ஒரு அளவுக்கு இத்தனை சடங்கு!

அதைவிட நல்ல வழி, மீட்டரின் ஆம்ப் துளைகளை மறந்தேவிடுவது. 1 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நெகட்டிவ் வயரோடு தொடராக இணைத்து, அதன் இரு முனைகளிலும் மீட்டரை 200 மில்லி வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். 1 ஓம் என்பதால் காட்டும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்ப். கடைசி எண் 0.1 வரை தெரியும், ஃபியூஸ் என்ற பேச்சே இல்லை. ஓரிரு நொடி சாவியைத் திருப்பிவிட்டாலும் ரெசிஸ்டர் சுடும், அவ்வளவுதான். செல்ஃபை மட்டும் அழுத்தக் கூடாது. கிளிப் வயர் உபாயம் இதற்கும் பொருந்தும். மலிவு மீட்டரின் மிகத் துல்லியமான ரேஞ்ச் இந்த 200 மில்லி வோல்ட்தான் என்பதால், அதன் குறையை அதன் பலத்தைக் கொண்டே அடைக்கிறோம்.

எவ்வளவு கசிந்தால் கவலைப்பட வேண்டும்? கார்புரேட்டர் காலத்து வண்டி, கடிகாரம் இல்லை, அலாரம் இல்லை என்றால் பூஜ்யம்தான் சரியான விடை. டிஜிட்டல் கன்சோலும் இசியூவும் உள்ள வண்டிக்கு ஒன்றிரண்டு மில்லி ஆம்ப் இயல்பு. 5 ஆம்ப்-அவர் (ஆம்பை மணி நேரத்தால் பெருக்கிய கொள்ளளவு) பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மில்லி ஆம்ப் போனால் பாதி காலியாக 1250 மணி நேரம், ஏறக்குறைய ஐம்பது நாள். 50 மில்லி ஆம்ப் போனால் 50 மணி நேரம்: வெள்ளி இரவு நிறுத்தி, திங்கள் காலை எடுக்கும்போது உறுமல் மட்டும்தான் மிஞ்சும். ஒரே இரவில் படுத்துவிடுகிறது என்றால் நூற்றுக்கணக்கில் மில்லி ஆம்ப் போக வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரிக்கே கொள்ளளவு போயிருக்க வேண்டும். கசிவு 1 மில்லி ஆம்ப், ஆனால் 12.7இல் நிறுத்திய பேட்டரி காலையில் 12.1 என்றால் வயரிங்கைப் பிரிக்காதீர்கள். பேட்டரியைத் தனியாகக் கழற்றி ஒரு நாள் வைத்துப் பாருங்கள், தானே இறங்கும்.

கசிவு உறுதியானால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது வழக்கம். எடுத்து மறுபடி செருகும்போது தூங்கிய கருவி விழித்துக் கணக்கைக் குழப்பலாம். பெரிய கசிவு என்றால் ஃபியூஸை எடுக்காமலே, அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லி வோல்ட் பார்க்கலாம். 10 ஆம்ப் பிளேடு ஃபியூஸின் மின்தடை ஏழெட்டு மில்லி ஓம். 50 மில்லி ஆம்ப் ஓடினால் 0.3, 0.4 என்று காட்டும். ஓடாத ஃபியூஸில் 0.0. எந்த ஃபியூஸும் சிக்கவில்லை என்றால், ஃபியூஸைச் சுற்றிக்கொண்டு நேராகப் பேட்டரியில் மாட்டிய ஜிபிஎஸ், யுஎஸ்பி சார்ஜர், கூடுதல் ஹார்ன் ரிலே ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அவற்றுக்குப் பிறகு, எஞ்சினில் உண்டாகும் ஏசியை டிசியாக்கி, அளவாகப் பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். அதன் கப்ளரை (வயர்களைச் சேர்க்கும் பிளக்) கழற்றியதும் கசிவு விழுந்தால், உள்ளே கரண்டை ஒரே திசையில் விட வேண்டிய டயோடு ஒழுகுகிறது.

இந்த மீட்டர் எதிர்பாராத விதத்தில் மனம் குளிர வைத்தது வோல்டேஜ் டிராப், அதாவது வயரிலும் இணைப்பிலும் வழியில் தொலையும் வோல்ட், பார்ப்பதில். பேட்டரி நிறையாமல் போவதற்கு இதுவும் காரணம், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, சுமார் 4000 சுற்றில் ஒரு புரோபை ரெக்டிஃபையரின் பாசிட்டிவ் வயரில் கப்ளரின் பின்புறமாக நுழையுங்கள், மற்றதைப் பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட் காட்டினால், 5 ஆம்ப் ஓடும்போது 5 வாட் சூடு வழியில் எங்கோ ஒரு கப்ளரில் வேகிறது. தேடினால் பழுப்பேறிய பிளாஸ்டிக் கிடைக்கும். ரெக்டிஃபையர் 14.2 கொடுக்க, பேட்டரிக்கு 13.2 மட்டும் போய்ச் சேரும். அது ஒருநாளும் நிறையாது; உரிமையாளர் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருப்பார். எர்த் பக்கமும் இப்படியே: பேட்டரி நெகட்டிவுக்கும் ரெக்டிஃபையரின் எர்த் வயருக்கும் நடுவே ஒருமுறை, செல்ஃப் சுற்றும்போது நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே ஒருமுறை. எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் போக உரசி, இறுக்கினால் தீர்கிற 'மர்மங்கள்' ஏராளம். பேட்டரி வோல்ட்டை ரெகுலேட்டருக்குக் காட்டும் தனி சென்ஸ் வயர் சாவி சுவிட்ச் வழியாக வரும் வண்டிகளில் கதை தலைகீழ்: சுவிட்ச் களிம்பேறி அந்த வயரில் வோல்ட் குறைந்தால், ரெகுலேட்டர் பேட்டரி பசித்திருப்பதாக நினைத்து 15க்கு மேல் ஊட்டும்.

வயரில் தொடர்பு இருந்தால் மீட்டர் எழுப்பும் பஸ்ஸர் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஹேண்டில் கழுத்தில் உரசி உரசி ஒரே இழையில் தொங்கும் வயரும் பீப் என்று கத்தும். களிம்பேறிய இணைப்பு வழியாகவும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. அதே இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணைத்தால் குட்டு உடைந்துவிடும். பல்பு மங்கினால் வயர் பொய். ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பிக்கொண்டே பல்பைக் கவனியுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறைக் கண் பார்த்துவிடும். நொடிக்கு இரண்டு மூன்று முறை மட்டும் அளக்கும் இந்த மீட்டர் கோட்டை விட்டுவிடும்.

எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலின் மின்தடையும் இதன் கைக்கு அடங்காது. காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களுக்குள் இருப்பதே ஒரு ஓமுக்கும் குறைவு; புரோப் வயர்களே 0.3 ஓம் சாப்பிட்டுவிடும். புரோப்களை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்தாலும் நம்பிக்கை வராது. கப்ளரைக் கழற்றி, மூன்று ஜோடிகளிலும் ஒரே சுற்றில் ஏசி வோல்ட் பாருங்கள். எண் மிகச் சரியாக இருக்க வேண்டியதில்லை, மூன்றும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு ஜோடி மட்டும் தள்ளி நின்றால் காயில் போச்சு. வயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே தொடர்பு காட்டினாலும் அப்படியே.

இன்னொன்று. உள்ளே உள்ள 9 வோல்ட் பேட்டரி தளரும்போது இந்த மீட்டர் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டத் தொடங்கும். 12.1இல் கிடக்கும் பேட்டரிக்கு 12.8 என்று சான்றிதழ் கொடுக்கும். திரையின் ஓரத்தில் பேட்டரிப் படம் வந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த எண்ணையும் எழுதி வைக்காதீர்கள்.

தீர்ப்பா? வோல்ட் அளக்கவும் டிராப் பார்க்கவும் இதைவிட அதிகம் தேவையில்லை, ரெசிஸ்டர் சேர்த்தால் கசிவையும் பிடித்துவிடும். இவ்வளவு சொல்லிவிட்டு, வாங்காதீர்கள் என்றே எழுதுகிறேன். இரண்டு துளைகளுக்கும் ஃபியூஸ் உள்ள, 6000 எண் வரை காட்டுகிற, தானாக அணைவதை நிறுத்த முடிகிற மீட்டராகப் பாருங்கள். கசிவு தணியக் காத்திருக்கும்போது பாதியில் அணைகிற மீட்டர் இதைவிட மோசம். வயரைக் கழற்றாமல் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர் மேல் ஆசை இருந்தால் டிசி கரண்ட் அளக்கிறதா, 1 மில்லி ஆம்ப் வரை தெரிகிறதா என்று பெட்டியில் படித்த பிறகு பணம் கொடுங்கள். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இந்த வேலைக்கு உதவாது. மஞ்சள் மீட்டர் ஏற்கெனவே கையில் இருந்தால், ஒரு 1 ஓம் ரெசிஸ்டரும் நான்கைந்து 200 மில்லி ஆம்ப் ஃபியூஸும் சேர்த்து வாங்கி வையுங்கள்.