குறைந்த பணத்தில் கடலில் குடியிருக்க ஒரு கேட்டமரான்: ப்ரௌட் ஸ்னோகூஸ் 37

பாய்ப்படகிலேயே ஆண்டு முழுவதும் குடியிருக்க விரும்பும் இருவர், கையில் அதிகப் பணம் இல்லாமல் பழைய படகுச் சந்தைக்குப் போகும்போது முதலில் பார்க்க வேண்டிய கேட்டமரான் (இரண்டு ஒல்லியான உடல்களை ஒரு தளத்தால் இணைத்த படகு) ப்ரௌட் ஸ்னோகூஸ் 37 என்பது என் உறுதியான கருத்து. இங்கிலாந்தின் கேன்வி தீவில் ப்ரௌட் குடும்பத்தாரின் நிறுவனத்தில் உருவான இந்தப் படகு அழகிலும் வேகத்திலும் இன்றைய படகுகளோடு போட்டியிடாது. ஆனால் இந்த வகைப் படகுகளில் பல உலகையே சுற்றி வந்திருக்கின்றன. அவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோர் செல்வந்தர்கள் அல்லர்.

படகின் நீளம் ஏறத்தாழ 11.3 மீட்டர், தொடக்கக் காலத்தில் கட்டப்பட்டவற்றின் அகலம் 4.6 மீட்டர் அளவுதான். கிட்டத்தட்ட அதே நீளமுள்ள லகூன் 380 என்ற மற்றொரு கேட்டமரானின் அகலமோ 6.5 மீட்டர். சிக்கனமாக வாழ நினைப்பவர் விலைப்பட்டியலைவிட இந்த வேறுபாட்டையே கூர்ந்து கவனிக்க வேண்டும். அகலமான கேட்டமரானுக்குப் படகுத்துறைகள் பலவற்றில் ஒன்றரை மடங்கு, சில இடங்களில் இரு மடங்கு வாடகை கேட்கிறார்கள். அடிப்பகுதிக்குப் பாசி எதிர்ப்புப் பெயின்ட் அடிக்கக் கரையேற்ற வேண்டுமென்றால், அத்தனை அகலத்தைத் தாங்கும் தூக்குவண்டி உள்ள பணிமனையைத் தேடிப் பல நூறு கிலோமீட்டர் போக நேரலாம். ஸ்னோகூஸ் சாதாரணத் தூக்குவண்டிகள் பலவற்றில் அடங்கிவிடும். ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் மிதப்பதால், வாடகை இல்லாத ஆழம் குறைந்த குடாக்களில் நங்கூரமிட்டு மாதக்கணக்கில் தங்கலாம்.

பாய் அமைப்பும் வயதான தம்பதியர் கையாளும்படி இருக்கிறது. பாய்மரம் நடுக்கூடத்தின் பின்பகுதியில் நிற்பதால் முதன்மைப் பாய் சிறியது. சுக்கான் பிடிக்கும் இடத்தைவிட்டு வெகுதூரம் போகாமலேயே அதைச் சுருக்கிவிடலாம். இழுவையின் பெரும்பகுதி முன்பாயிலிருந்து வருகிறது. அதுவும் சுருள்கருவியில் சுற்றிக்கொள்வது. ஒற்றை உடல் படகைப்போல் கேட்டமரான் சாய்ந்து காட்டி எச்சரிக்காது. காற்றின் வேகம் 14 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) அளவிலிருந்து 20 நாட் அளவுக்கு ஏறினால் பாயின் மீதான விசை இரட்டிப்பாகிவிடும் என்பதால், இதில் பாயை முன்கூட்டியே சுருக்கும் பழக்கம் உயிர்காப்பு ஏற்பாட்டுக்கு நிகரானது. அந்தப் பழக்கத்தை எளிதாக்கும் அமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பெரும்பாலான ஸ்னோகூஸ்களில் ஒரே டீசல் இன்ஜின்தான். அதிலிருந்து கால்போல் நீருக்குள் இறங்கும், உந்துவிசிறி பொருத்திய பகுதியை, பாயில் ஓடும்போது கயிற்றால் மேலே தூக்கிவிடலாம். அப்போது உந்துவிசிறி நீருக்கு வெளியே நிற்பதால் இழுவைத் தடை இல்லை, சிப்பியும் ஒட்டாது. வாங்குமுன் இந்தப் பகுதியைத் தூக்கச் சொல்லி, கீழுள்ள திருகைத் திறந்து சிறிது எண்ணெய் எடுத்துப் பார்ப்பது அவசியம். எண்ணெய் தெளிவாக இருந்தால் நல்லது. வெளிறிக் கலங்கியிருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள், பற்சக்கரங்களின் ஆயுளும் ஐயத்துக்குரியது. ஒற்றை இன்ஜினின் குறை துறைக்குள் தெரியும். இரண்டு இன்ஜின் உள்ள படகு நின்ற இடத்திலேயே திரும்பும்; இது திரும்பாது, பக்கக்காற்றில் பொறுமை வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, இரு உடல்களையும் இணைக்கும் தளம் நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருப்பது. எதிர்க்காற்றில் குறுகிய அலைகள் வரும்போது அந்தத் தளத்தின் அடியில் தண்ணீர் மோதும் ஓசை, பாறையில் இடித்துவிட்டோமோ என்று அஞ்சும் அளவுக்கு இருக்கும். மேசைமேல் உள்ள பாத்திரங்கள் குதிக்கும், தரையில் நிற்பவரின் முழங்கால் வரை அதிர்வு ஏறும். அமைதியான துறையில் தேநீர் அருந்தியபடி படகைப் பார்த்து முடிவு செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆகவே வெள்ளோட்டத்தை 15 நாட் வேகத்துக்கு மேல் காற்றுள்ள நாளில், எதிர்க்காற்றை நோக்கி, குறைந்தது ஒரு மணி நேரம் நடத்தும்படி விற்பவரிடம் வற்புறுத்துங்கள்.

அந்த மோதலை மேலும் மோசமாக்குவது எடை. குடியிருப்போரில் பலர் இதைக் கணக்கிடுவதே இல்லை என்பது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது. 300 லிட்டர் தண்ணீர் 300 கிலோ. 150 லிட்டர் டீசல் 125 கிலோ. 8 மில்லிமீட்டர் சங்கிலி 60 மீட்டர் என்றால் 85 கிலோ, நங்கூரம் 20 கிலோ. சிறு ரப்பர் படகும் அதன் மோட்டாரும் 90 கிலோ. 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரிகள் நான்கு 120 கிலோ. ஓர் அரிசி மூட்டையோ ஒரு ஸ்பேனரோ ஏறுமுன்னரே முக்கால் டன் ஆகிவிட்டது. ஒல்லியான இரு உடல்களில் மிதக்கும் படகு இதைத் தாங்கித்தான் ஆக வேண்டும். தாங்கும்போது தாழ்கிறது, தாழும்போது அடித்தளம் அலைக்கு இன்னும் நெருங்குகிறது. பழைய படகு ஒன்றில் எடை மிகுந்ததா என்று அறிய அதன் பின்புறத்தைப் பாருங்கள். பாசி எதிர்ப்புப் பெயின்டின் கோடு முன்பிருந்த இடத்திலிருந்து மேலே உயர்த்தப்பட்டிருந்தாலோ, கோட்டுக்கு மேல் பச்சை படர்ந்திருந்தாலோ, அந்தப் படகு பல ஆண்டுகளாகச் சுமை மீறி ஓடியிருக்கிறது. ஈய பேட்டரிகளுக்குப் பதில் லித்தியம் வைப்பதற்குச் செலவாகும் பணம் எடைக் கணக்கிலேயே நியாயமாகிவிடும். பயன்படும் மின்சாரம் ஏறத்தாழ அதே அளவாக இருக்க, இரண்டு போதும், 25 கிலோவைச் சற்றே தாண்டும்.

குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு ஸ்னோகூஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் உடல்களுக்குள் இருவர் எதிரெதிரே நடக்க முடியாது. அவர்களுக்கு லகூன் 380, அதிலும் ஒரு பக்கம் முழுவதும் உரிமையாளருக்கென்று ஒதுக்கிய மூன்று அறை வகை, பொருத்தமானது. வெளிச்சமும் காற்றும் நிறைந்த நடுக்கூடம், இரண்டு இன்ஜின், கூடுதல் சுமை தாங்கும் திறன் ஆகியவை உண்டு. வாடகைக்கு ஓடிய நான்கு அறைப் படகுகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றில் பொருள் வைக்க இடம் குறைவு, இன்ஜின்கள் ஓடிய மணிகள் மிக அதிகம். இன்ஜினிலிருந்து உடலின் அடித்துளை வழியாக உந்துவிசிறியை நீருக்குள் இறக்கும் செயில்டிரைவ் என்ற அமைப்பு பொருத்திய படகுகளில், அந்தத் துளையை மூடும் பெரிய ரப்பர் சீலை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும்படி இன்ஜின் தயாரிப்பாளரான வோல்வோ பென்டா கூறுகிறது. இரண்டு இன்ஜினுக்கும் மாற்றிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

ஜெமினி 105 என்ற கேட்டமரான் இன்னும் மலிவு, இன்னும் குறுகியது, அகலம் 4.27 மீட்டர், பக்கவாட்டில் நழுவாமலிருக்க நீருக்குள் இறக்கும் நடுப்பலகைகளைத் தூக்கிவிட்டால் அரை மீட்டர் நீரில் மிதக்கும். அட்லாண்டிக்கைக் கடந்த ஜெமினிகள் உண்டு என்றாலும், எடைக்கு மிகவும் கூச்சப்படும் இலேசான படகு என்பதால் கரையோரத்துக்கும் கால்வாய்களுக்கும் மட்டுமே அதை நான் சொல்வேன்.

எதை வாங்கினாலும், கையிலுள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துவிட்டு மீதத்துக்குள் படகைத் தேடுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்குப் பத்து ஆண்டுக்கு மேல் வயதானால் காப்பீடு தர மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. யாரையும் சாராமல் பணிபுரியும் படகு ஆய்வாளரை நீங்களே அமர்த்துங்கள், விற்பவர் காட்டும் ஆளை அல்ல. அவர் சுத்தியலால் தட்டும்போது கூடவே நில்லுங்கள். மேல்தளக் கைப்பிடித் தூண்களின் அடியில் ஒலி மந்தமாகக் கேட்டால், உள்ளே இருக்கும் பால்சா மரம் ஊறியிருக்கக்கூடும். ஒரே வயதுள்ள இரண்டு ஸ்னோகூஸ்களில் ஒன்று மலிவாகவும், மற்றொன்று புதிய கம்பிகள், புதிய இன்ஜின், புதிய பாய்களோடு கால் பங்கு கூடுதல் விலையிலும் வந்தால், தயங்காமல் இரண்டாவதை வாங்குங்கள். அந்த மூன்றையும் நீங்களே மாற்றப் புகுந்தால் ஆகும் செலவு விலை வேறுபாட்டைத் தாண்டிவிடும்.