மெதுவாகத் திறக்கும் கணினி: எஸ்எஸ்டியா, கூடுதல் ரேமா?

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு டிரைவ்), ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்), இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, எதை வாங்குவது என்று தவிப்பவர்கள் முதலில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை (கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் திரை) பாருங்கள். கணினி திறந்ததும் டிஸ்க் 100% என்றே நின்றால், தடை பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான்.

வேகம்: ஹார்ட் டிஸ்கில் முள் சுழலும் தட்டின் மேல் அங்குமிங்கும் நகர்ந்து ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டும், எஸ்எஸ்டியில் அந்த அலைச்சலே இல்லை, அதனால் நிமிடங்கள் நொடிகளாகும். ரேமின் பலன் பெரும்பாலும் திறந்த பிறகுதான்.

வேலை: ரேம் செருகினால் போதும், ஆனால் டிடிஆர்3 ரேமுக்கான இடத்தில் அடுத்த தலைமுறையான டிடிஆர்4 ரேம் பொருந்தாது. எஸ்எஸ்டிக்கு விண்டோஸை குளோன் செய்ய (பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே நகலெடுக்க) வேண்டும், அல்லது புதிதாக நிறுவ வேண்டும். அதற்கு முன் குடும்பப் படங்களை வேறொரு டிரைவில் நகலெடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

திறக்கவே தாமதமா, எஸ்எஸ்டி. சீக்கிரம் திறந்தும் நாலைந்து பிரவுசர் டேபுக்கே திணறுகிறதா, 4 ஜிபி ரேம்தான் இருக்கிறதா, சரி, ரேம் வாங்குங்கள்.