பி.டி. புழு மருந்து: சென்னை மாடித் தோட்டத்தில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

புழுவுக்கென்று ஒரே ஒரு மருந்து வாங்கி வைப்பதென்றால் பி.டி.யைத்தான் வாங்கச் சொல்வோம். ஆனாலும் பலர் ஒருமுறை அடித்துவிட்டு, "மறுநாளும் புழு நெளிகிறதே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது வேலை செய்யும் விதமே வேறு.

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பதன் சுருக்கம். அதில் குர்ஸ்டாகி என்ற வகை பாக்டீரியாவும் அது உண்டாக்கும் புரதப் படிகமும்தான் இந்த மருந்து. மேலே பட்டால் புழு சாகாது, தின்றால்தான் சாகும். புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. படிகம் அங்கே கரைந்து குடல் சுவரை ஓட்டையாக்குகிறது. சில மணி நேரத்தில் தின்பது நின்றுவிடும், சாவதற்கு 2 முதல் 5 நாள் ஆகும். ஆகவே மறுநாள் காலை புழுவைத் தேடாதீர்கள். இலைமேல் புதுப் புழுக்கை விழுந்திருக்கிறதா, புதுக் கடி தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மருந்து பிடித்துவிட்டது.

கீரையில் இலையைச் சுருட்டிக் கூடு கட்டும் புழு, புடலை இலையை அரிக்கும் பச்சைப் புழு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் புழு ஆகியவற்றுக்கு நல்ல பலன். எல்லாம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே அடிக்க வேண்டும். விரல் நீளம் வளர்ந்த புரோடீனியா என்ற இலை தின்னும் புழு இதற்கு அசையாது, கையால் பொறுக்குவதே வழி. தக்காளிக் காய்ப்புழுவை காய்க்குள் நுழையும் முன் பிடித்தால் உண்டு. கத்தரியின் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் புகுந்த புழுவுக்கு மருந்து எட்டவே எட்டாது. வாடிய குருத்தைக் கிள்ளி அழித்துவிடுங்கள். அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, பழ ஈ எதற்கும் பயனில்லை.

கடையில் "புழு மருந்து" என்று மட்டும் கேட்டால் சூடோமோனாஸ் கைக்கு வரலாம். அது செடி நோய்க்கானது. பி.டி.யிலேயே இஸ்ரேலென்சிஸ் என்ற வேறு வகை போட்டிருந்தால் அது கொசுப் புழுவுக்கு. லேபிளில் குர்ஸ்டாகி என்ற பெயர் இருக்க வேண்டும். டைபெல் திரவமாகவும், டெல்ஃபின் நீரில் கரையும் குருணையாகவும் வருகின்றன, இரண்டும் குர்ஸ்டாகிதான். 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்த பி.டி. கத்தரியை நினைத்துச் சிலர் இதற்கும் தயங்குகிறார்கள். அது மரபணு மாற்றிய செடி. இது இலைமேல் தெளிப்பது, செடியின் மரபணுவைத் தொடுவதில்லை.

கலக்கும் தண்ணீரில்தான் சென்னைக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். ஆர்.ஓ. கழிவுநீரும் உப்பேறிய போர் தண்ணீரும் காரமாக இருந்தால் படிகம் ஸ்பிரேயரிலேயே சிதையத் தொடங்கும். மழைநீரோ ஆர்.ஓ.வின் நல்ல தண்ணீரோ போதும். தூளோ குருணையோ லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், திரவம் 1 முதல் 2 மி.லி. லேபிளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதலில் கொஞ்சம் நீரில் குழைத்து, பிறகு முழு நீரையும் ஊற்றுங்கள். ஒட்டுவதற்கு நன்றாக வடிகட்டிய வடிகஞ்சி ஒரு குழிக்கரண்டி சேர்க்கலாம், வடிகட்டாவிட்டால் முனை அடைக்கும். சோப்புக் கரைசலை அதிகம் ஊற்றினால் காரம் ஏறிவிடும். தாமிர மருந்தோடு கலக்கவே கூடாது. கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

மாலை 5 மணிக்கு மேல் அடியுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் இதைக் கெடுத்துவிடும். சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நம்ப முடியாது. இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும், புழு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 5 முதல் 7 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்த இரவே கழுவிப் போனால் மீண்டும் அடிப்பதைத் தவிர வழியில்லை. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், தூள் கண்ணையும் மூக்கையும் உறுத்தும்.

ஒரு வேண்டுகோள். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. பி.டி. அதையும் கொல்லும். நாலைந்துதான் இருந்தால் ஒரு கிளையை அவற்றுக்கு விட்டுவிட்டு, மற்ற கிளைகளில் இருப்பதை எடுத்து அதில் விடுங்கள்.

பெரிய பாக்கெட் வாங்காதீர்கள். வாரம் 2 லிட்டர் அடிக்கும் வீட்டுக்கு, லிட்டருக்கு 2 கிராம் போட்டாலும் 100 கிராம் 25 முறைக்கு வரும். தேதியும் பேட்ச் எண்ணும் இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் பிரித்துக் கட்டிய தூளைத் தொடாதீர்கள். வாங்கியதை மாடி ஷெட்டில் போடாமல், வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரக் கரண்டி மட்டும் படக் கூடாது.