.38-உம் .38-உம் ஒன்றா? பழைய ரிவால்வர் தோட்டாக்களில் எது எதற்குப் பொருந்தும்

ரிவால்வரின் குழலில் பொறித்த எண்ணை (அங்குலத்தில் தோராயமான விட்டம்) மட்டும் பார்த்துத் தோட்டா தேடுகிறவர் பாதி விவரத்தோடுதான் தேடுகிறார். .38 என்று பெயர் வைத்துக்கொண்ட தோட்டாக்களே அரை டஜனுக்குக் குறையாது. அவற்றில் பிரபலமான இரண்டு, .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், .38 ஸ்பெஷல். இரண்டையும் உருவாக்கியது ஒரே நிறுவனம். ஆனாலும் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் போட முடியாது.

முந்தையது 1870களின் பிற்பகுதியில், நடுவில் மடித்துத் திறக்கும் சிறிய பாக்கெட் ரிவால்வர்களுக்காகப் பிறந்தது. குட்டையாகவும் சற்றுப் பருமனாகவும் இருக்கும்: பித்தளைக் கூட்டின் நீளம் 19.7 மில்லிமீட்டர், விட்டம் 9.8. பிந்தையது 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வந்தது, நீளம் 29.3, விட்டம் 9.6. குண்டிலும் வேறுபாடு உண்டு. முந்தையதற்கு 0.361 அங்குலம், பிந்தையதற்கு 0.358. பருமனான குட்டைத் தோட்டா ஸ்பெஷல் ரிவால்வரின் அறைக்குள் (சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளை) பொதுவாக நுழையாது. ஒல்லியான நெட்டைத் தோட்டா குட்டை அறைக்குள் பாதி போய், முன்பக்கம் அறை குறுகும் இடத்தில் நின்றுவிடும். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருப்பதால் இயல்பு நிலையில் இந்த ஜோடியால் ஆபத்து இல்லை. மனிதக் கை புகுந்து அறையைத் துருவிய பிறகுதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

துருவிய கதை இரண்டாம் உலகப் போரோடு சேர்ந்தது. பிரிட்டிஷ் ராணுவம் .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கூட்டையே எடுத்துக்கொண்டு, அதில் 200 கிரெய்ன் (சுமார் 13 கிராம்) எடையுள்ள ஈயக் குண்டைப் பொருத்தி, .38/200 என்று பெயரிட்டுப் பயன்படுத்தியது. பிறகு அதை 178 கிரெய்ன் உலோக உறைக் குண்டாக மாற்றியது. என்ஃபீல்டு ரிவால்வரும் வெப்லி மார்க் 4 ரிவால்வரும் போதாமல் போனபோது, அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இதே தோட்டாவுக்கென்று லட்சக்கணக்கில் ரிவால்வர்களைச் செய்து அனுப்பியது. ‘விக்டரி மாடல்’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். போர் முடிந்ததும் அவை உபரிச் சரக்காகி மலிவு விலைக்கு வந்தன. அமெரிக்கக் கடைகளில் .38 ஸ்பெஷல் தாராளமாகக் கிடைத்தது; மற்றது கிடைப்பது அரிதாயிற்று. வணிகர்கள் அறையின் முன்பகுதியைத் துருவி நீளமாக்கி, பல நேரங்களில் 5 அங்குலக் குழலையும் வெட்டிச் சிறிதாக்கி, ஸ்பெஷல் தோட்டாவுக்கான ரிவால்வர் என்று விற்றார்கள்.

துருவினால் நீளம் கூடும். ஏற்கெனவே அகலமாக இருக்கும் பின்பகுதி குறுகாது. ஒல்லியான ஸ்பெஷல் கூடு அந்த அகல அறையில் வெடிக்கும்போது அடிப்பகுதி உப்புகிறது, சில சமயம் நெடுக விரிசல் விடுகிறது. குண்டும் குழலின் உள்விட்டத்தைவிடச் சற்று மெலிந்தது என்பதால் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களை நன்றாகப் பற்றாது, குறி சிதறும். என் தீர்ப்பு இதுதான்: மாற்றப்பட்ட விக்டரி ரிவால்வர் இரண்டு தோட்டாவுக்கும் முழு உரிமை இல்லாத ஆயுதம். மாற்றாத ஒன்று கிடைத்தால், தோட்டா கிடைப்பது எவ்வளவு கடினமானாலும் அதையே எடுக்க வேண்டும். வித்தியாசம் கண்டுபிடிப்பதும் எளிது. குழலின் பக்கத்தில் ‘ஸ்பெஷல்’ என்ற சொல் பொறிக்கப்படாமல், அறை மட்டும் ஸ்பெஷல் தோட்டாவை முழுதாக விழுங்கினால், யாரோ துருவியிருக்கிறார்கள்.

பெயர் வேறாக இருந்தும் பொருள் ஒன்றான ஜோடிகளும் உண்டு. கோல்ட் நிறுவனம் தன் ரிவால்வரின் மேல் போட்டியாளரின் பெயரைப் பொறிக்க விரும்பவில்லை. ஆகவே .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவின் குண்டு நுனியைத் தட்டையாக்கி ‘.38 கோல்ட் நியூ போலீஸ்’ என்றது; .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவையும் ‘.32 கோல்ட் நியூ போலீஸ்’ ஆக்கியது. கூட்டின் அளவு ஒன்றே. தயக்கமின்றி மாற்றிப் போடலாம்.

இனி உண்மையான ரத்த உறவு. .38 லாங் கோல்ட், .38 ஸ்பெஷல், .357 மேக்னம் மூன்றும் ஒரே விட்டமுள்ள கூட்டை நீட்டிக்கொண்டே போனதால் வந்தவை: 26.2 மில்லிமீட்டர், 29.3, 32.8. இங்கே விதி ஒருவழிப் பாதை. நீண்ட அறையில் குட்டைத் தோட்டா போகும். குட்டை அறையில் நீண்டது போகக் கூடாது. போகாமல் தடுப்பதற்கென்றே மேக்னத்தின் கூடு நீட்டப்பட்டது. காரணம் அழுத்தம். ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 1935இல் வந்த மேக்னத்துக்கு இன்றைய வரம்பு 35,000, அதாவது இரு மடங்குக்கு மேல்.

இந்தத் தடுப்பு ஓரிடத்தில் வேலை செய்யாது. அதுதான் இந்த அலசலிலேயே மிக ஆபத்தான இடம். அமெரிக்க ராணுவம் 1892 முதல் பயன்படுத்திய கோல்ட் நியூ ஆர்மி ரிவால்வர் .38 லாங் கோல்ட் தோட்டாவுக்கானது. ஃபிலிப்பீன்ஸ் போரில் ‘வலுவில்லை’ என்று சிப்பாய்கள் வசைபாடிய தோட்டா அது. இந்த ரிவால்வர்கள் பலவற்றில் அறை முன்பக்கம் குறுகாமல் நேராகக் குடையப்பட்டிருக்கிறது. நிறுத்த எதுவும் இல்லாததால் .38 ஸ்பெஷல் உள்ளே போகும். .357 மேக்னமும் போகும். கருமருந்து காலத்து எஃகு அந்த மேக்னத்தைத் தாங்கும் என்று நம்புவது விரல்களைப் பணயம் வைப்பது.

.45 கோல்ட், .45 ஸ்கோஃபீல்டு ஜோடிதான் எனக்கு மிகவும் சுவாரஸ்யமானது. சுத்தியலை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் 1873இல் ராணுவத்துக்கு வந்தது. கூட்டின் நீளம் 32.6 மில்லிமீட்டர். கொஞ்ச காலத்திலேயே மேஜர் ஜார்ஜ் ஸ்கோஃபீல்டு திருத்தியமைத்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரையும் ராணுவம் வாங்கியது. அதன் சிலிண்டர் குட்டை. கோல்ட் தோட்டாவை ஏற்காது. அதற்கென்று சுமார் 28 மில்லிமீட்டர் நீளத்தில் தனித் தோட்டா வந்தது. கோல்ட் ரிவால்வரில் வெற்றுக் கூட்டை ஒரு கம்பி ஒவ்வொன்றாக முன்னிருந்து குத்தித் தள்ளும். கூட்டின் அடியிலுள்ள விளிம்பு பெயரளவுக்கு இருந்தால் போதும். ஸ்கோஃபீல்டைத் திறந்தாலோ நட்சத்திர வடிவத் தட்டு எல்லாக் கூடுகளையும் ஒரேயடியாகத் தூக்க வேண்டும். அது பிடித்துக்கொள்ள அகலமான விளிம்பு தேவை. ஆக, ஸ்கோஃபீல்டு தோட்டா கோல்டில் போகும், கோல்ட் தோட்டா ஸ்கோஃபீல்டில் போகாது. இரண்டு ரிவால்வரும் ஒரே ராணுவத்தில் இருந்தபோது ராணுவத் தோட்டாத் தொழிற்சாலை குட்டைத் தோட்டாவைச் செய்து இரண்டுக்கும் கொடுத்தது. குதிரைப்படைக்குத் தவறான பெட்டி போய்ச் சேரும் கவலை தீர்ந்தது. கோல்டின் முழு வலு வீணாயிற்று. சேணத்தின் மேல் அமர்ந்தபடி வேகமாக வெற்றுக் கூடுகளைக் கொட்டுவது முக்கியம் என்றால் ஸ்கோஃபீல்டே சிறந்தது. எளிமையும் உறுதியும் வேண்டும் என்றால் கோல்ட். ராணுவம் இரண்டாவதையே நீடிக்கவிட்டது. அந்தத் தேர்வில் எனக்குக் குறை தெரியவில்லை.

இதற்கு ஒரு பின்கதை. 1909இல் அதே .45 கோல்ட் நீளத்தில், பக்கவாட்டில் திறக்கும் புதிய கோல்ட் ரிவால்வருக்காக, விளிம்பை மேலும் அகலப்படுத்தி ஒரு ராணுவத் தோட்டா செய்தார்கள். அதைப் பழைய சிங்கிள் ஆக்‌ஷனில் அடுத்தடுத்த அறைகளில் போட்டால் விளிம்போடு விளிம்பு இடிக்கும். நீளம், விட்டம் எல்லாம் சரி. விளிம்பு மட்டும் ‘முடியாது’ என்கிறது.

.44 குடும்பத்தில் குழப்பம் குறைவு: ரஷ்யன், ஸ்பெஷல், மேக்னம் என்று நீண்டுகொண்டே போன மூன்று தலைமுறை, அதே ஒருவழி விதி.

வெப்லி மார்க் 6 விஷயத்தில் என் கருத்து கடுமையானது. அது .455 வெப்லி தோட்டாவுக்கானது. அகலமான குண்டு, மிதமான அழுத்தம். அமெரிக்கா போய்ச் சேர்ந்த பல வெப்லிகளில் சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவிவிட்டு, விளிம்பில்லாத .45 ஏ.சி.பி. (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்) தோட்டாவை அரைநிலா வடிவக் கிளிப்பில் செருகிப் போடும்படி செய்தார்கள். கிளிப் யோசனை நல்லதுதான். முதல் உலகப் போரில் பிஸ்டல் பற்றாக்குறை வந்தபோது 1917ஆம் ஆண்டு கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள் இதே முறையில்தான் ஏ.சி.பி. தோட்டாவைச் சுட்டன. ஆனால் அவை அந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டவை. வழக்கமான ஏ.சி.பி.யின் அழுத்தம் 21,000 பவுண்டு வரை ஏறும். வெப்லியின் தாழ்ப்பாளும் கீலும் தினமும் அதைத் தாங்கப் பிறக்கவில்லை. சீவப்பட்ட வெப்லி வைத்திருப்பவர் குறைந்த மருந்திட்ட தோட்டாவை மட்டும் பயன்படுத்த வேண்டும், அல்லது அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் பரவலாக இருப்பது .32. வெப்லி மார்க் 4 சாயலில் கான்பூரில் செய்யப்படும் ரிவால்வர், .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவுக்கானது. பழைய குட்டை .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவும் அதில் போகும். அதே .32 பெயரில் பிஸ்டலுக்கான ஏ.சி.பி. தோட்டாவும் உண்டு, அதன் கூட்டின் விட்டம் கிட்டத்தட்ட அதேதான், லேசான விளிம்பும் இருக்கிறது, ரிவால்வர் அறையில் ஒருவாறு நின்றும்விடும். அழுத்தம் மட்டும் ரிவால்வர் தோட்டாவின் 15,000 பவுண்டைத் தாண்டி 20,000க்கு மேல். மடித்துத் திறக்கும் ரிவால்வரில் அதைப் போடவே கூடாது.

சட்டமும் இந்தப் பொருத்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறது. 2016இல் புதிய விதிகள் வரும்வரை அமலில் இருந்த 1962ஆம் ஆண்டு ஆயுத விதிகள் தடைசெய்யப்பட்ட கைத்துப்பாக்கிகளை வகைப்படுத்தும்போது, குழலில் பொறித்த எண்ணோடு நிற்கவில்லை. .380 (மேலே சொன்ன பிரிட்டிஷ் ராணுவ .38 தோட்டா), .455 விளிம்புத் தோட்டாக்களை அறையில் ஏற்றுச் சுட வல்ல எந்த ரிவால்வரும் அந்த வகையில் சேரும் என்றன. பாட்டனார் விட்டுப்போன ரிவால்வரின் மேல் என்ன எழுதியிருந்தாலும், அறையை அளந்து பார்த்தால்தான் அது எந்தப் பட்டியலில் வரும் என்பது தெரியும்.