"அதே அளவுதான்" என்று வேனுக்கு வேறு டயர் மாட்டுகிறார்களா? காற்று வைக்கும் முன் இதைப் படியுங்கள்

வேனில் லோடு ஏற்றி ஓட்டுபவர்களுக்காக எழுதுகிறேன். டயர் கடையில் "உங்க அளவு இப்போ ஸ்டாக் இல்லை, இது கிட்டத்தட்ட அதேதான்" என்று சொல்லி வேறொரு டயரை மாட்டிவிட்டால், அதற்கு எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) வைப்பது என்ற கேள்விக்குச் சில நேரம் சரியான விடையே இருக்காது. 36 வைத்தாலும் தப்பு, 50 வைத்தாலும் தப்பு. எனக்கு நடந்தது அதுதான். கடையின் பெயரைப் போடப் போவதில்லை, இதே பேச்சை எந்த ஊர்க் கடையிலும் கேட்கலாம்.

என் வேனில் கம்பெனியிலிருந்து வந்தது 215/65 ஆர்16 சி, அதற்குப் பின்னால் 109/107 என்று போட்டிருக்கும். கடைக்காரர் நான்கு சக்கரத்துக்கும் மாட்டியது 235/60 ஆர்16, சுமை எண் 100. "வெளிவிட்டம் ஒண்ணுதான் சார், ஸ்பீடோமீட்டர்கூட மாறாது, அகலம் வேற கூடுதல், ரோட்டை நல்லா பிடிக்கும்" என்றார். விட்டத்தைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். பழையது சுமார் 686 மில்லிமீட்டர், புதியது 688. கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்கூட நம்பிவிடுவார். அவர் வாயே திறக்காத விஷயம் அந்த 109-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம்.

அந்த எண் ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு. 109 என்றால் 1030 கிலோ, 100 என்றால் 800 கிலோ. இரண்டு எண் சேர்ந்து வந்தால் முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் இரட்டைச் சக்கரம் போடும் வண்டிக்கு. ஆக என் பின் ஆக்சிலில் 2060 கிலோ தாங்கிய ஜோடியைக் கழற்றிவிட்டு 1600 கிலோ தாங்கும் ஜோடியை மாட்டிவிட்டு, "அதேதான்" என்று பில் போட்டிருக்கிறார்கள். பில்லில் சுமை எண்ணும் இல்லை, 'சி' என்ற எழுத்தும் இல்லை. 'சி' என்பது சரக்கு வண்டிக்கான டயர் என்பதற்கான அடையாளம், உள்ளே கட்டுமானமே கனமாக இருக்கும். எனக்கு மாட்டியது சாதாரண எஸ்யூவி கார் டயர்.

அப்புறம் காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன்னால் 44, பின்னால் 52 என்று இருக்கிறது. காற்று வைத்த கடைப் பையன் அதைப் பார்க்கவே இல்லை. டயரின் பக்கவாட்டில் "அதிகபட்சம் 350 கிலோபாஸ்கல், 51 பிஎஸ்ஐ" என்று அச்சடித்திருந்ததைக் காட்டி, "இதுல போட்டிருக்கே சார், ஒண்ணு கம்மியா 50 வச்சிருக்கேன், லோடு வண்டிதானே" என்றான். தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்: பக்கவாட்டில் இருப்பது அதற்கு மேல் போகக் கூடாது என்ற எல்லை மட்டும்தான், வைக்க வேண்டிய அழுத்தம் அது இல்லை. சாதாரண கார் டயர் தன் முழுச் சுமைத்திறனை 250 கிலோபாஸ்கலில், அதாவது 36 பிஎஸ்ஐயிலேயே எட்டிவிடும். எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்கான கார் டயர்) என்று போட்டிருந்தால் 290, அதாவது 42. அதற்கு மேல் எவ்வளவு அடித்தாலும் டயர் கல்லாகுமே தவிர ஒரு கிலோகூடக் கூடுதலாகத் தாங்காது. 50 வைத்தால் 800 கிலோ டயர் 1000 கிலோ டயர் ஆகிவிடும் என்று நினைக்கிறவர்கள் கடைகளிலேயே இருக்கிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது.

50-இல் காலி வண்டி குதித்தது, ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் வழுக்கியது, நாளடைவில் ட்ரெட்டின், அதாவது ரோட்டைத் தொடும் பரப்பின், நடுப்பகுதி மட்டும் தேய ஆரம்பித்தது. திரும்பக் கடைக்குப் போனேன். இரண்டாவது தவறு அங்கே நடந்தது. நெடுந்தூரம் ஓடி டயர் சூடாக இருக்கும்போதே காற்றை இறக்கி 36-க்குக் கொண்டுவந்தார்கள். ஓடிய டயரில் அழுத்தம் நாலைந்து பிஎஸ்ஐ ஏறித்தான் இருக்கும், ஆறிய பிறகு பார்த்தால் அது முப்பதை ஒட்டி வந்து நிற்கும். காற்றைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால்தான் அளக்க வேண்டும், சூடான டயரிலிருந்து இறக்கவே கூடாது. டேஷ்போர்டில் காற்று குறைந்ததைச் சொல்லும் டயர் விளக்கு எரிந்ததும் பையன் மெனுவுக்குள் போய், இப்போது இருப்பதே சரியான அழுத்தம் என்று பதிந்து விளக்கை அணைத்துவிட்டான். "இப்ப ஓகே சார்." எச்சரிக்கைக்காக வைத்த விளக்கை, எச்சரித்த உடனேயே வாயை மூட வைத்துவிட்டார்கள்.

அந்த விளக்கு ஏன் வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 2000-இல் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயரின் ட்ரெட் உரிந்து வண்டிகள் உருண்டு ஏராளமானோர் இறந்தது பெரிய செய்தியானது. டயர் தயாரிப்பு பற்றியும் வண்டி பற்றியும் சண்டை நடந்தது, கூடவே ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ என்ற குறைந்த அழுத்தமும் பெரிய விவாதமானது. அதே ஆண்டு வந்த ட்ரெட் (TREAD) என்ற சட்டத்தின் வழியாகத்தான் அங்கே இந்தக் கண்காணிப்பு விளக்கு கட்டாயமானது. அந்த விதிப்படி, வண்டிக்குச் சொல்லப்பட்ட அழுத்தத்தைவிட 25 சதவீதம் குறைந்தால் அது எரிய வேண்டும். கவனியுங்கள், வண்டிக்குச் சொன்ன அழுத்தம். நீங்கள் புதிதாக மாட்டிய டயருக்கு என்ன தேவை என்று அந்த விளக்குக்குத் தெரியாது. எரியவில்லை என்பதால் சரி என்று அர்த்தம் இல்லை.

பிறகு முழு லோடோடு நெடுஞ்சாலையில் போனபோது லேன் மாறினால் பின்பக்கம் ஒரு நொடி தாமதமாக வந்தது, ஸ்டியரிங்கை நேராக்கிய பிறகும் வண்டி ஆடியது. ஓரங்கட்டி இறங்கித் தொட்டுப் பார்த்தால் இடது பின் டயரின் பக்கவாட்டில் கை வைக்க முடியவில்லை. ட்ரெட் பகுதியைவிடப் பக்கவாட்டுத்தான் அதிகமாகச் சுட்டது. மெதுவாக ஓட்டிப்போய் வேறொரு கடையில் காட்டினேன். அங்கிருந்த பெரியவர் டயரைக் கழற்றி, பக்கவாட்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி என் விரலையும் அங்கே வைத்தார். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. உள்ளே நூல் அறுந்துவிட்டது, இப்போது காற்றை அடக்கி வைத்திருப்பது வெறும் ரப்பர்தான், இதை ஒட்டவும் முடியாது, இதில் ஓடவும் கூடாது என்றார். காற்று குறைவாகவோ சுமை அதிகமாகவோ இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டு மடங்கி நிமிரும், அதில்தான் சூடு பிறக்கும், சூட்டில்தான் டயர் சாகும். அவர் சொல்லித்தான் எடைமேடைக்குப் போனேன்.

பின் ஆக்சிலை மட்டும் மேடையில் நிறுத்தி எடுத்த எடை 1480 கிலோ. ஒரு டயருக்கு 740. 800-க்குள் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் கார் டயரை வேனிலோ டிரக்கிலோ போட்டால் அதன் சுமைத்திறனை 1.1 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விதி. அப்படிப் பார்த்தால் 727 தான், காற்று மிகச் சரியாக இருந்தாலும் தாண்டியாயிற்று. அது போக என் கருவி அலமாரி முழுக்க இடது பக்கம், ஆகவே இடது டயர் பாதிக்கு மேல்தான் சுமந்திருக்கும். முப்பது சொச்சம் காற்றில் அது என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது, உள்ளே ஆட்களும் இருந்தார்கள்.

முதல் கடைக்குப் புடைப்பைக் காட்டப் போனால் "பள்ளத்துல விட்டிருப்பீங்க, காற்று பார்த்துக்கிறது ஓனர் பொறுப்பு" என்றார்கள். அழுத்தத்தை வைத்ததும், இறக்கியதும், விளக்கை அணைத்ததும் அவர்கள்தான். எழுத்தில் எதுவும் இல்லாததால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

நீங்கள் வேறு அளவு போட்டே ஆக வேண்டும் என்றால், முதலில் சுமை எண் பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறதா என்று பாருங்கள், குறைந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் முழு லோடோடு முன், பின் ஆக்சிலைத் தனித்தனியாக எடை போட்டு, பாதியாக்கி, ஒரு பக்கம் கனமாக இருந்தால் அந்தப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு, டயர் கம்பெனி வெளியிடும் சுமை–அழுத்த அட்டவணையில் அந்த எடையைத் தேடுங்கள். கிடைக்கும் எண் குறைந்தபட்சம்தான், அதற்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். வண்டியில் நாளைக்கு என்ன ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

கனமான டயருக்கு மாறுகிறவர்களும் ஏமாறுவது உண்டு. 245/75 ஆர்16 கார் டயர் 35 பிஎஸ்ஐயில் 1030 கிலோ தாங்கும், 1.1 ஆல் வகுத்தாலும் 936. அதே அளவில் பத்து ப்ளை எல்டி (இலகு டிரக்) டயர் 80-இல் 1380 தாங்கும், ஆனால் அதே 35-இல் சுமார் 770 தான். 50 வைத்தால்தான் 1000 வரும். "பெரிய டயர் போட்டாச்சு, ஸ்டிக்கர்ல இருக்கற 35 போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி அழுத்தத்தைக் கூட்டும்போது வால்வையும் கேளுங்கள், சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான், அதற்கு மேல் போனால் உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ வேண்டும். ரிம்முக்கும் தனி எல்லை உண்டு.

நான் மறுபடி 215/65 ஆர்16 சி, 109/107-க்கே வந்துவிட்டேன், இந்த முறை பில்லில் அளவு, சுமை எண், தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நான்கு இலக்க எண் எல்லாம் எழுதி வாங்கினேன். ஸ்டெப்னி மட்டும் இன்னும் அந்தப் பழைய கடை போட்ட 100-தான், அடுத்த வாரம் அதையும் மாற்றுகிறேன். உங்கள் வண்டி ஸ்டெப்னியில் என்ன எண் இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.