சோலார் போட்டும் கரண்ட் பில் ஏறின கதை, படிச்சுட்டு அட்வான்ஸ் குடுங்க

இதை எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஏமாந்த கதைய ஊர்ல சொன்னா நமக்குத்தானே கேவலம். ஆனா போன வாரம் சித்தப்பா பையன் போன் பண்ணி, "அண்ணே உங்க வீட்டு மாடி போட்டோவ ஒருத்தன் ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கான், சோலார் நல்லா இருக்கா, நானும் போடலாம்னு இருக்கேன்"ன்னு கேக்குறான். எங்க மாடியேதான். ஓரத்துல அம்மா வடகம் காயப்போட்ட வேட்டி கூட தெரியுது. மேல பெருசா 'மகிழ்ச்சியான வாடிக்கையாளர்'னு எழுதியிருக்கான். அதுக்கப்புறமும் சும்மா இருந்தா நல்லா இருக்காது.

நாங்க மதுரை பக்கம். வீட்ல ரெண்டு ஏசி. கோடைல ரெண்டு மாச ரீடிங் 720 யூனிட் வரும், பில்லு நாலாயிரம். அப்ப நம்ம ஊர்ல இருந்த கணக்கு தெரியும்ல, முதல் 100 யூனிட் ஃப்ரீ, 500க்குள்ள நின்னா 101ல இருந்து 200 வரைக்கும் பாதி ரேட்டுதான், 500 தாண்டிட்டா அந்தச் சலுகையும் போச்சு, மேல போற யூனிட்டுக்கும் ரேட் சர்ருனு ஏறும். 500க்குள்ள அடக்கிட்டா ரெண்டாயிரத்துக்குள்ள முடியுற பில்லு. அதான் அப்பா ரிட்டையர்மென்ட் காசுல சோலார் போட்டுடலாம்னு பிடிவாதமா நின்னாரு.

தெரிஞ்சவர் மூலமாத்தான் அந்த ஸ்டேட்டஸ் போட்ட சோலார்க்காரன் வந்தான். ரொம்ப மரியாதை, "ஐயா ஐயா"ன்னுதான் பேச்சு. 3 கிலோவாட், மொத்தம் 1,65,000, மத்திய அரசோட பிஎம் சூர்யா கர் திட்டத்துல 78,000 சப்சிடி உங்க அக்கவுன்ட்டுக்கே வந்துடும், அப்ப உங்களுக்கு ஆகுறது 87,000 தான், 1,50,000 இப்ப குடுங்க, மிச்சம் 15,000 சப்சிடி வந்தப்புறம் போதும்னான். அந்தக் கடைசி வரிலதான் நாங்க விழுந்தோம். சப்சிடி வந்தப்புறம் வாங்கிக்கிறேங்கிறான்னா நம்பிக்கையானவனாத்தான் இருப்பான்னு அப்பா சொன்னாரு, நானும் தலையாட்டினேன். 78,000ங்கிற கணக்கு பொய் இல்ல. முதல் ரெண்டு கிலோவாட்டுக்கு 30,000 வீதம், மூணாவதுக்கு 18,000, அதுக்கு மேல எவ்வளவு பெருசா போட்டாலும் அவ்வளவுதான். அந்த 78,000 கிடைக்கிறதுக்கு என்னென்ன வேணும்கிறதத்தான் அவன் வாயத் திறந்து சொல்லல.

ஏப்ரல்ல ரெண்டே நாள்ல மாட்டிட்டாங்க. ஆறு பேனல், ஒவ்வொண்ணும் 540 வாட். நெட் மீட்டர், அதான் உள்ள வர்ற கரண்ட்டையும் வெளிய போறதையும் தனித்தனியா கணக்கு வைக்கிற மீட்டர், எப்பன்னு கேட்டேன். "அது ஈபில இருந்து வர லேட் ஆகும் சார், வெயில ஏன் வேஸ்ட் பண்றீங்க, இன்னைக்கே ஆன் பண்ணிடலாம்"னு பேனல் கரண்ட்ட வீட்டு கரண்ட்டா மாத்துற இன்வெர்ட்டர அவனே ஆன் பண்ணி, மொபைல்ல ஆப்பையும் ஏத்தி குடுத்துட்டுப் போனான். அப்பாவுக்கு அந்த ஆப்தான் அப்புறம் டிவி சீரியல். இன்னைக்கு 11 யூனிட், நேத்து 12ன்னு தெருவுல போறவங்ககிட்ட எல்லாம் காட்டுவாரு.

ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு. வெயில் மண்டைய பொளக்குது, மேல ஆறு பேனல் மினுங்குது, கீழ ஃபேன் ஓடல! அப்பா ஆப்ப பாக்குறாரு, ஜீரோ. போன் பண்ணினா, "ஆன்கிரிட்னா அப்படித்தான்ங்க ஐயா"ன்னான். அது உண்மைதான். ஆன்கிரிட்னா ஈபி லைனோட இணைஞ்சு ஓடுறது. லைன்ல கரண்ட் இல்லன்னா இந்த வகை இன்வெர்ட்டர் தானா நின்னுடணும், இல்லன்னா கம்பத்துல வேலை பாக்குற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கும். அதெல்லாம் சரி, காசு வாங்குறப்ப "கரண்ட் கட்டே உங்களுக்கு தெரியாதுங்க ஐயா"ன்னு சொன்னது யாரு?

அதக்கூட விட்டுடலாம். ஜூன்ல பில்லு வந்துச்சு. 890 யூனிட். 5,800 சொச்சம். சோலார் இல்லாம 720, சோலார் போட்டு 890. ஆப்ல பாத்தா ரெண்டு மாசத்துல 670 யூனிட் நாங்களே தயாரிச்சிருக்கோம். அப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. ரீடிங் எடுத்தவங்க தப்பா போட்டிருப்பாங்கன்னு ஈபி ஆபீஸ்ல போய் சண்டை போடவே கெளம்பிட்டாரு.

பக்கத்துத் தெருவுல ஒரு வயர்மேன் அண்ணன் இருக்காரு, அவர்தான் வந்து பாத்தாரு. உச்சி வெயில்ல வீட்ல இருக்குற அத்தனை ஸ்விட்சையும், ஃப்ரிட்ஜ் உட்பட ஆஃப் பண்ணச் சொன்னாரு. பண்ணிட்டு மீட்டர் பொட்டிகிட்ட கூட்டிட்டுப் போனாரு. மீட்டர்ல ஒரு சின்ன செவப்பு லைட் இருக்கும், கரண்ட் ஓட ஓட கண்ணடிக்கும். வீட்ல எதுவுமே ஓடல, அது பட்டு பட்டுன்னு வேகமா அடிச்சிட்டு இருக்கு. "இப்ப சோலார ஆஃப் பண்ணுங்க தம்பி"ன்னாரு. பண்ணினேன். லைட் நின்னுபோச்சு. மறுபடி ஆன் பண்ணினேன், இன்வெர்ட்டர் ரெடியாக ஒரு நிமிஷம் எடுத்துச்சு, அப்புறம் பழையபடி பட்டு பட்டு.

விஷயம் இதான். எங்க வீட்ல இருந்தது பழைய ஒருவழி மீட்டர். உள்ள வருதா வெளிய போகுதான்னு அதுக்கு தெரியாது, எந்தப் பக்கம் போனாலும் நாங்க ஈபில இருந்து எடுத்த மாதிரியே ஏத்திடும். நாங்க பகல்ல யூஸ் பண்ணினது போக மிச்சம் 430 யூனிட் ஈபி லைனுக்குப் போயிருக்கு, ராத்திரில நாங்க ஈபில இருந்து எடுத்தது 460, ரெண்டையும் கூட்டினா 890. நாங்க குடுத்த கரண்ட்டுக்கு நாங்களே காசு கட்டியிருக்கோம், அதுவும் மேல் ஸ்லாப் ரேட்டுல. நெட் மீட்டர் மாட்டி, ஈபி ஆளுங்க வந்து செக் பண்ணி ஓகே சொல்ற வரைக்கும் ஆன் பண்ணவே கூடாதாம். அவனுக்கு இது தெரியாதா? தொழிலே அதானே.

அன்னைக்கே ஆஃப் பண்ணிட்டு நெட் மீட்டர் அப்ளிகேஷன் என்னாச்சுன்னு ஈபி ஆபீஸ்ல விசாரிச்சா, எங்க கனெக்‌ஷன் நம்பர்ல அப்ளிகேஷனே இல்ல. அவன் அந்தத் திட்டத்துல பதிவு பண்ணின வென்டரே இல்ல, வேற ஒரு கம்பெனி லாகின்ல அப்ளிகேஷன போட்டுடலாம்னு இருந்திருக்கான். அந்தக் கம்பெனிக்காரர் போட மாட்டேன்னுட்டாரு. ஏன்னா பேனலே சப்சிடிக்கு செல்லாது. டிசிஆர் பேனல்னு சொல்லுவாங்க, பேனல் மட்டுமில்ல, அதுக்குள்ள இருக்குற சோலார் செல்லும் இந்தியால செஞ்சதா இருந்தாத்தான் சப்சிடி. எங்க பேனல் பின்னாடி 'மேட் இன் இந்தியா' ஸ்டிக்கர் பளிச்சுன்னு இருக்கு, பொய்யும் இல்ல, வெளிநாட்டு சோலார் செல் வாங்கி இங்க ஒட்டினது. டிசிஆர் விலை கூட, இது கம்மி. அந்த வித்தியாசம் அவன் பாக்கெட்ல. சீரியல் நம்பர வெச்சு டிசிஆர் போர்ட்டல்ல தேடினா தெரிஞ்சிடும், ஆறு நம்பரும் தேடினேன், ஒண்ணு கூட இல்ல.

பேனல தாங்குற ஸ்டாண்ட் விஷயமும் இருக்கு. துருப்பிடிக்காம இருக்க துத்தநாகம் பூசின ஜிஐ பைப்புன்னு கொட்டேஷன்ல போட்டுட்டு சாதா இரும்புக்கு சில்வர் பெயின்ட் அடிச்சிருக்கான். ஒரு மழைதான், போல்ட் ஓட்டைல இருந்து கூலிங் டைல்ஸ் மேல செவப்பா கோடு இறங்கிடுச்சு.

அப்புறம் வேற ஒரு பதிவு பண்ணின ஆள் மூலமா சப்சிடி இல்லாம நெட் மீட்டருக்கு மட்டும் அப்ளை பண்ணி, ஸ்டாண்ட மாத்தி, எர்த்திங் திரும்பப் போட்டு, ஆகஸ்ட் கடைசில ஆன் பண்ணினோம். தனியா 30,000 செலவு. இப்ப பில்லு நல்லா கொறைஞ்சிருக்கு, சோலார் மேல எனக்கு கோபம் இல்ல. சித்தப்பா பையன்கிட்டயும் போடாதேன்னு சொல்லல. வென்டர் பேரு திட்டத்தோட வெப்சைட்ல இருக்கான்னு நீயே பாரு, பேனல் மாடிக்கு ஏறுறதுக்கு முன்னாடியே சீரியல் நம்பர் கேளு, டிசிஆர்னு பில்லுல எழுதி வாங்கு, நெட் மீட்டர் வராம எவன் சொன்னாலும் ஸ்விட்சைத் தொடாதேன்னேன். நாங்க வாங்கினது வெறும் வெள்ளைத் தாள் கொட்டேஷன், ஜிஎஸ்டி பில் கேட்டப்ப "அது வேணும்னா தனியா ஆகும் ஐயா"ன்னான், அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் போட்டிருக்கேன், நுகர்வோர் கோர்ட்டுக்கும் பேப்பர் ரெடியாகுது. ஜிபேல அனுப்பின காசுக்கும் வாட்ஸ்அப்ல அவன் எழுதினதுக்கும் ஸ்கிரீன்ஷாட் இருக்கு, அது ஒண்ணுதான் கையில.

நாங்க கூப்பிட்டா மூணு மாசமா எடுக்கவே இல்ல. நேத்து அவனா அப்பாவுக்கு போன் பண்ணினான். "ஐயா நல்லா இருக்கீங்களா, சப்சிடி வந்துடுச்சுங்களா, அந்த 15,000 பாக்கி இருக்கு..."