+1 எதற்கு, +2 எதற்கு: ஆயுத மந்திர விதிகளோடு பத்து வருடம்

“அண்ணா, என் வாள் மொத்தம் +2-ன்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் ஒண்ணுதான் கூட்டச் சொல்றீங்க?”

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 3.5 பதிப்பை நடத்த ஆரம்பித்த முதல் மாதமே ஒரு ஆட்டக்காரனிடமிருந்து வந்த கேள்வி இது. அவன் கேட்டதிலும் தப்பில்லை. அது +1 ஃபிளேமிங் லாங்சோர்ட், அதாவது தீப்பற்றும் நீள வாள். வாளின் என்ஹான்ஸ்மென்ட் போனஸ் (உருட்டிய எண்ணோடு வாளின் மந்திரம் கூட்டித் தருவது) +1. ஃபிளேமிங் சக்திக்கு விலைக்கணக்கில் இன்னொரு +1. இரண்டையும் கூட்டி, வர்க்கம் எடுத்து, 2,000 தங்கக் காசால் பெருக்கினால் 8,000. மாஸ்டர்வொர்க் (உயர்தர வேலைப்பாடு) வாளுக்கான 315-ஐச் சேர்த்தால் 8,315. அந்த +2 கடைக்காரனிடம்தான் செல்லும். அடி விழுகிறதா என்று பார்க்க டி20 (இருபது முகப் பகடை) உருட்டும்போது கூட்டுவது வெறும் +1. அடி விழுந்தால் டேமேஜில், அதாவது எதிரிக்கு ஆகும் சேதத்தில், அதே +1, கூடவே தீக்கு ஒரு டி6 (ஆறு முகப் பகடை).

ஒரே குறிக்கு இரண்டு வேலை கொடுத்ததுதான் இந்த விதிகளின் மூலக் கோளாறு என்பது என் கட்சி. பத்து வருடத்தில் எங்கள் மேசையில் நடந்த ஆயுதத் தகராறுகள் (ஆர்க்குகளோடு அல்ல, எங்களுக்குள்) பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பின. கடைசியில் ஒவ்வொரு மந்திர ஆயுதத்துக்கும் ஒரு அட்டை போட்டேன். மேலே “உருட்ட: +1”, கீழே “விலை: +2”. அதற்குப் பிறகு பாதி இரைச்சல் அடங்கியது.

மீதிப் பாதி, மந்திரவாதி வந்ததும் ஆரம்பித்தது. கிரேட்டர் மேஜிக் வெப்பன் என்றொரு மந்திரம். 12-ஆம் லெவல் மந்திரவாதி போட்டால் ஆயுதத்துக்கு +3, பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். நம்மாள் உடனே ஒன்றும் மூன்றும் நாலு என்று எழுதிவிட்டான். ஒரே வகை போனஸ் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது, பெரியது மட்டும் நிற்கும், ஆக +3 என்றேன். முகம் சுருங்கிப் போனான். அடுத்த வாரம் ஒரு கணக்கோடு வந்தான்: “+3 ஃபிளேமிங் வாள் 32,315. என் வாள் 8,315. இவன் தினமும் காலையில மந்திரம் போட்டா ரெண்டும் ஒண்ணுதானே? அப்போ 24,000 மிச்சம்!”

விதிப்படி அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்த வித்தையைக் கண்டுபிடிக்காத 3.5 குழுவே இருக்காது என்று நினைக்கிறேன். நடத்துபவன் கையில் இருக்கிற பதில், மற்ற மந்திரங்களைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக். வாளைக் குறிவைத்து ஒருமுறை போட்டேன். அன்று முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

கிரிட்டிகல் (டி20-இல் உயர்ந்த எண் விழுந்து அடி பெரிதாவது) விஷயம் வேறு மாதிரி. 3.5-இல் லாங்சோர்ட் கிரிட்டிகல் ஆனால் வாளின் டி8, பலத்தால் வரும் போனஸ், அந்த +1 எல்லாம் இரட்டிக்கும். தீயின் டி6 மட்டும் ஒருமுறைதான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இது தலைகீழ்: டைஸ் அத்தனையும் இரண்டு முறை உருளும், கூட்டுகிற எண்கள் ஒருமுறைதான். அங்கே எரியும் வாளான ஃபிளேம் டங்கின் 2டி6 தீ (இரண்டு டி6), கிரிட்டிகலில் 4டி6. பதிப்பு மாறினாலும் கை பழக்கம் மாறுமா? மூன்று மாதம் 2டி6-ஐயே உருட்டிக்கொண்டிருந்தோம். தெரிந்ததும் வாளுக்குச் சொந்தக்காரி பாக்கி டேமேஜையெல்லாம் மொத்தமாகக் கேட்டாள். கொடுக்கவில்லை.

கீன் என்ற கூர்மைச் சக்தி ஏற்றிய ஆயுதத்தில் புத்தகங்களே மோதிக்கொண்டன. கீன் போட்டால் லாங்சோர்ட் கிரிட்டிகல் ஆகிற டி20 எண்கள் 19-20 என்பது 17-20 ஆகும். 2000-இல் வந்த 3.0-இல் அதன் மேல் இம்ப்ரூவ்டு கிரிட்டிகல் ஃபீட்டும் (பாத்திரம் தேர்ந்தெடுக்கும் தனித்திறமை) ஏறி 15-20 வரை போனது. 2003-இல் வந்த 3.5 அதை நிறுத்திவிட்டது. ஒருவன் பழைய புத்தகம், இன்னொருவன் புதுசு. இருவரும் பக்கத்தை விரித்துக் காட்டுகிறார்கள், இருவர் காட்டியதும் அச்சில் இருக்கிறது. எந்தப் பதிப்பு ஆடுகிறோம் என்று முதல் நாளே சொல்லாதது என் தப்பு.

எனக்குப் பிடித்த சண்டை, உறைச் சண்டை. 3.5-இல் ஃபிளேமிங் வாள் கட்டளைச் சொல்லால் பற்றும், அதற்கு அந்த முறையின் முக்கியச் செயலான ஸ்டாண்டர்ட் ஆக்‌ஷன் போகும். மறுபடி கட்டளை சொல்லும்வரை எரியும். பிடித்தவனைச் சுடாது. “அப்போ எப்பவும் எரிஞ்சுட்டே இருக்கட்டும், உறைக்குள்ள வெச்சுக்கிறேன்” என்றான் அந்த வாள்காரன். பிடித்தவனைச் சுடாது என்றுதான் இருக்கிறது, உறையைப் பற்றி அந்த வரியில் ஒன்றுமில்லை. உறை கருகும் என்று தீர்ப்புச் சொன்னேன். ஐந்தாம் பதிப்பு இதை ஒரே வரியில் முடித்துவிட்டது: உறையில் போட்டாலோ கீழே போட்டாலோ ஃபிளேம் டங் அணைந்துவிடும். பற்றவைக்கவும், முக்கியச் செயலைத் தின்னாத சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும்.

விதியின் தெளிவுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால், 2019-இல் வந்த, இதே மாதிரி இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்புக்குத்தான் என் ஓட்டு. தாக்குதல் எண்ணுக்குப் பொட்டன்சி ரூன் (ரூன் என்றால் ஆயுதத்தில் பொறிக்கும் மந்திரக் குறி), டேமேஜ் டைஸுக்கு ஸ்டிரைக்கிங் ரூன், தீ மாதிரி சக்திகளுக்குத் தனி ரூன், ஒவ்வொன்றுக்கும் தனி விலை. அட்டையே தேவைப்படவில்லை. ஆனால் வர்க்கம் போட்டு, காசு மிச்சம் பிடித்து, நண்பனின் மந்திரத்தை நம்பி வாள் வாங்குகிற அந்தத் திருட்டுச் சந்தோஷம் அதில் கிடைக்கவில்லை. அதனால் இப்போதும் 3.5 தான் நடத்துகிறேன்.

போன செஷனில் புதிதாக வந்த பெண் கேட்டாள்: “வில் +2, அம்பு +1 ஃபிளேமிங். எதை எழுதணும் அண்ணா?” நான் புத்தகத்தைத் தொடும் முன்பே, முதல் மாதம் என்னிடம் கேட்டானே, அவன் டைஸை உருட்டிக்கொண்டே சொன்னான்: “பெருசு நிக்கும், தீ ஒட்டிக்கும். +2 போட்டு, டி6 தனியா உருட்டு.”